பரீட்சை மண்டபத்தில் ஈவா ஸ்மித்

இலக்கியப் படைப்பொன்று பரீட்சைக்குரிய பாடநூலாகும்போது அதன் சமூக உள்ளடக்கத்துக்கு யாது நேர்கின்றது என்பது திறனாய்வாளர் புறக்கணிக்கக்கூடாத வினாவாகும். இங்கிலாந்திற் பதினாறு வயதளவில் மாணவர் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கில இலக்கியப் பரீட்சையையும், அதற்கெனப் பரவலாகப் பயிலப்படும் ஜே. பி. பிறீஸ்ற்லியின் 'அன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ்' நாடகத்தையும் சான்றாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

1945இற் சோவியத் ஒன்றியத்தில் முதன்முதலாக மேடையேறிய இந்நாடகத்தின் கதைக்காலம் 1912 ஆகும். இருபத்திரண்டரை ஷில்லிங் வாரக்கூலியை 25 ஷில்லிங்காக உயர்த்தக்கோரி வேலைநிறுத்தத்தில் முன்னின்ற ஈவா ஸ்மித் என்னும் தொழிலாளிப் பெண், ஆலை முதலாளி பேர்லிங்கினால் வேலைநீக்கம் செய்யப்படுகிறாள். அவளது மரணத்தில் அம்முதலாளியின் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கினை வெளிக்கொணரும் விசாரணையே நாடகமாக விரிகின்றது.

2015இற் கற்பிக்கத் தொடங்கி 2017இல் முதன்முறையாகப் பரீட்சிக்கப்பட்ட பாடத்திட்டத்தின்படி, மாணவர் நூலின்றியே விடையெழுதினர். மேற்கோள்களை மனனஞ்செய்தல் இன்றியமையாததாயிற்று. ஏ.கியூ.ஏ. பரீட்சைச் சபையின் வினாத்தாளில் இந்நாடகம் பற்றிய கட்டுரைக்கு 34 புள்ளிகள் விதிக்கப்பட்டன. நூலை விளங்கி எடுத்துரைத்தலுக்கு 12, மொழி, வடிவம், அமைப்பு ஆகியவற்றின் பகுப்பாய்வுக்கு 12, வரலாற்றுச் சூழலுக்கு 6, எழுத்துத் திருத்தத்துக்கு 4 என அவை பகிரப்பட்டன. இதனை நிருவாக வசதியாக மட்டும் கொள்ள முடியாது. இப்பகுப்பினுள் ஓர் இலக்கியக் கோட்பாடு மறைந்துள்ளது. வடிவம் ஒருபுறமும் வரலாறு மறுபுறமும் நிறுத்தப்படுகையில், வரலாறு படைப்பினை உருவாக்கிய விசையாகவன்றி, அதற்குப் புறத்தேயுள்ள தகவலாகவே கருதப்படும். முதலாளித்துவம், சமவுடைமை முதலிய சொற்கள் ஆறு புள்ளிகளுக்கான மனனப் பொருளாகச் சுருங்கிவிடுகின்றன.

எனினும் பழி முழுவதையும் பரீட்சையின்மீது சுமத்துதல் பொருந்தாது. நாடகமே அதற்கு இடமளிக்கின்றது. ஈவா பாத்திரமாக மேடையில் தோன்றுவதில்லை. கையிற் பணமின்றித் தொழிலாளர் பணிக்குத் திரும்பினர் என்ற செய்தியும் பேர்லிங்கின் கூற்றாகவே நம்மை வந்தடைகின்றது. கூட்டுப் போராட்டமாகத் தொடங்கியது தனிமனித மனச்சாட்சி பற்றிய பிரச்சினையாக முடிவுறுகின்றது. 'பொறுப்புணர்வு' என்னும் கருப்பொருள் பரீட்சை வினாக்களுக்கு இலகுவில் இயைந்துபோவது இக்காரணத்தினாலேயே எனலாம்.

ஆயினும் நாடகத்தை ஒதுக்கிவிடுதல் தீர்வாகாது. தொழிலாளர் பிள்ளைகள் தம் வர்க்கத்தின் கூலிப் போராட்டமொன்றை இலக்கிய வகுப்பிற் சந்திக்கும் வாய்ப்பு இது. அவ்வேலைநிறுத்தம் ஏன் தோற்றது, அத்தோல்வியை முதலாளியின் வாயிலாகவே நாம் ஏன் அறிகின்றோம் என வகுப்பறையில் வினவப்படுமாயின், வடிவமும் வரலாறும் ஒரே வினாவினுள் அடங்கிவிடும். புள்ளித்திட்டம் இவ்வினாவைத் தடைசெய்வதில்லை, வேண்டுவதுமில்லை. ஆகவே அதனை எழுப்பும் பொறுப்பு ஆசிரியரையே சார்கின்றது.