ஜப்பானைப் பணியவைத்தது எது?

1945 ஆகஸ்ட் 9 காலை ஜப்பானின் உயர் போர்க்குழுவினர் ஆறு பேர் டோக்கியோவில் கூடினர். அணுகுண்டால் ஹிரோஷிமா அழிந்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. சில மணி நேரத்துக்கு முன்புதான் சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் புகுந்திருந்தன. சரணடைய, பேரரசரின் நிலை காக்கப்பட்டால் போதும் என்றனர் பிரதமர் சுசூகி, வெளியுறவு அமைச்சர் டோகோ, கடற்படை அமைச்சர் யோனாய். அந்நியப் படை உள்ளே வரக் கூடாது, ஆயுதக் களைவையும் போர்க்குற்ற விசாரணையையும் நாமே நடத்த வேண்டும் என்று கூடுதல் நிபந்தனைகளில் பிடிவாதமாக நின்றனர் தரைப்படை அமைச்சர் அனாமியும் இரு படைத் தளபதிகளும்.

அணுகுண்டுதான் போரை முடித்தது என்ற வாதத்தை 1947இல் அமெரிக்கப் பொதுமக்கள் முன் விரிவாக வைத்தவர் முன்னாள் போர்ச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன். இதற்கு வலுவான சான்றுகள் உண்டு. சோவியத் தாக்குதலுக்கு முந்தைய நாளே, போரை விரைந்து முடிக்க வேண்டும் என்று பேரரசர் ஹிரோஹிட்டோ டோகோவிடம் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் 15 வானொலி உரையிலும் எதிரியின் கொடிய புதுக் குண்டைக் குறிப்பிட்டார்.

ஆனால், நகரங்கள் எரிவது மட்டுமே அந்தத் தலைவர்களை அசைத்திருக்குமானால் மார்ச் மாதமே அவர்கள் பணிந்திருக்க வேண்டும். டோக்கியோமீது பொழிந்த தீக்குண்டுகள் ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் கொன்றன. அதன் பிறகும் போர் தொடர்ந்தது.

இந்த இடத்தில்தான் வரலாற்றாசிரியர் சுயோஷி ஹசேகவா 2005இல் வெளியிட்ட ஆய்வு கூர்மை பெறுகிறது. மாஸ்கோவின் சமரசத்தால் கௌரவமான முடிவு கிடைக்கும் என்று டோக்கியோ நம்பியிருந்தது. சோவியத் தலைவர் ஸ்டாலின் போர் தொடுத்ததும் அந்தக் கதவு அடைபட்டது. ஆகஸ்ட் 17 அன்று படையினருக்கு விடுத்த அறிக்கையில் பேரரசர் சோவியத் நுழைவைச் சொன்னார். குண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனினும் இந்தச் சான்றை அளவோடுதான் ஏற்க வேண்டும். மஞ்சூரியாவில் போரிட்டுக்கொண்டிருந்த வீரர்களை ஆயுதம் கீழே வைக்கச் செய்யும் அறிக்கையில் சோவியத் பெயர் வருவது இயல்பே.

இரு தரப்பும் செய்யும் பெரும் பிழை, இரண்டு குண்டுகளையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது. ஹிரோஷிமா பேரரசரை உலுக்கியது. சோவியத் நுழைவு எஞ்சிய நம்பிக்கையைப் பறித்தது. இரண்டும் சேர்ந்தே அவரைத் தலையிட வைத்தன என்பதே சான்றுகளோடு பொருந்துகிறது. இரண்டாவது குண்டு விழுந்த நாகசாகியின் பங்கு என்ன? அந்தச் செய்தி போர்க்குழுக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது. ஆனாலும் மூன்றுக்கு மூன்று என்ற பிளவு மாறவில்லை. அன்றிரவு நடந்த கூட்டத்தில் பேரரசர் டோகோவின் பக்கம் நின்ற பிறகே முட்டுக்கட்டை நீங்கியது.

நாகசாகிக்கென்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் தனி ஆணை எதுவும் இடவில்லை. குண்டுகள் தயாராகத் தயாராக வீசலாம் என்ற ஜூலை 25 உத்தரவே போதுமானதாக இருந்தது. மோசமான வானிலையை எதிர்பார்த்து, 11ஆம் தேதிக்குக் குறித்த தாக்குதலை 9ஆம் தேதிக்கு முன்கொண்டுவந்தார்கள். ஹிரோஷிமாவுக்கும் சோவியத் அறிவிப்புக்கும் டோக்கியோ என்ன பதில் சொல்லும் என்று பார்க்க அவகாசமே தரப்படவில்லை. ஆண்டு முடிவதற்குள் நாகசாகியில் மாண்டவர்கள் சுமார் 70,000 பேர். போரை முடிக்க அவர்களின் சாவு தேவைப்பட்டது என்பதற்கு அந்த ஆகஸ்ட் மாத ஆவணங்களில் வலுவான ஆதாரம் இல்லை.