அசையாமல் மிதந்த நொடிகள்

பந்தார் சன்வேயில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வுக்கூடத்து வரிக்குதிரை மீன்கள் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஒன்றின் தோல் கிழிந்தால் கசியும் பொருளை மற்றவை மோப்பம் பிடித்துவிடும். தாறுமாறாகப் பாய்ந்து, பிறகு தொட்டியின் அடியில் உறைந்து நிற்கும். சத்தோஷி ஒகாவா, ஈஷ்வர் பர்ஹார் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வுக்கு இந்த நடத்தைதான் அளவுகோல். ஹபெனுலா என்ற சிறு மூளைப்பகுதியில் உள்ள கிஸ்பெப்டின் என்ற வேதிப்பொருளை மீனுக்குச் செலுத்தியபோது பயம் தணிந்தது. மனிதருக்கும் ஹபெனுலா உண்டு; மனச்சோர்வை ஆராய்கிறவர்கள் அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கட்டுரையின் தலைப்பில் இருப்பது ‘அச்சம்’ என்ற சொல்தான். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது. விலங்குகளை வைத்து மனச்சோர்வை ஆராயும் துறையில் அது அபூர்வம்.

1977இல் ரோஜர் போர்சோல்ட் குழு கொண்டுவந்த கட்டாய நீச்சல் சோதனையைப் பாருங்கள். ஏறித் தப்ப முடியாத, தண்ணீர் நிரம்பிய கண்ணாடி உருளையில் எலியை விடுகிறார்கள். முதல் நாள் 15 நிமிடம், மறுநாள் 5 நிமிடம். அசையாமல் மிதக்கும் நேரத்தைக் குறிக்கிறார்கள். மிதந்தால் நம்பிக்கை இழந்துவிட்டதாம். மனச்சோர்வு மருந்து கொடுத்தபின் கூடுதலாக நீந்தினால் மருந்து பலிக்கிறதாம்.

மருந்துகளைச் சலித்தெடுக்கும் சல்லடை என்ற அளவில் இது மோசமில்லை. செலவு குறைவு, அன்று புழங்கிய மருந்துகள் பலவும் இதில் சிக்கின. 1990இல் மூளையின் என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கும் பொருள்கள் இப்படிப்பட்ட சோதனைகளில் பலன் காட்டுவதைத் துருல்லாசும் ஸ்கால்னிக்கும் கண்டார்கள்; பத்து ஆண்டு கழித்து அதே வகை கெட்டமின் நோயாளிகளின் மனச்சோர்வைக் குறைத்தது. இதைச் சொல்லாமல் சோதனையைத் திட்டுவது நியாயமில்லை.

கோளாறு சல்லடையையே நோயாக எண்ணியதில். மனிதரிடம் பலன் தர வாரக்கணக்கில் ஆகும் மருந்து எலியிடம் ஒரே நாளில் வேலை செய்வது எப்படி? கஃபீன் கொடுத்தாலும் எலி கூடுதலாக நீந்தும். அந்தக் கணக்கில் பிரிக்பீல்ட்ஸ் கடைக் கோப்பி ஓ-வும் மனச்சோர்வுக்கு மருந்து! வழியில்லை என்று தெரிந்துகொண்ட எலி தெம்பைச் சேமிக்கிறது என்று 2015இல் மொலன்டைக்கும் டி க்ளோட்டும் எழுதினார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜி குழு 2002இல் செய்தது வேறு மாதிரி. எலிகளைத் தினமும் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்தார்கள். நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின; பயத்தோடு தொடர்புடைய அமிக்டலாவில் வளர்ந்தன. பின்னர் வந்த ஆய்வில், வாரக்கணக்கில் ஓய்வு கொடுத்தும் அமிக்டலாவின் வளர்ச்சி அடங்கவில்லை. உயிரோடு இருக்கும் மனிதரிடம் இதை இத்தனை நுணுக்கமாகப் பார்க்க வழியே இல்லை. கொடுமைதான்; கிடைத்த விடை அந்தக் கொடுமைக்கு ஈடாகுமா என்று வாதாடவாவது அதில் இடமிருக்கிறது.

மனித வாழ்க்கைக்குக் கிட்டே வர முயன்றவர் பால் வில்னர். கூண்டைச் சாய்ப்பது, படுக்கையை ஈரமாக்குவது, விளக்கை மாற்றிப் போடுவது என்று வாரக்கணக்கில் சில்லறைத் தொல்லைகள். கடைசியில் எலிக்குச் சர்க்கரைத் தண்ணீரே ருசிப்பதில்லை. ஈரப் படுக்கை என்றதும் 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய தாமான் ஸ்ரீ மூடா நினைவுக்கு வருகிறது. அங்கே நனைந்தது மெத்தை மட்டுமா? தவணை முடியாத கார், பிள்ளைகளின் சான்றிதழ், உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் கூச்சம் எல்லாம் சேர்ந்தது அது. 2023 தேசியச் சுகாதார ஆய்வு மலேசியாவில் ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு என்றது. மருத்துவர் அவர்களிடம் குற்றவுணர்வு உண்டா, சாகத் தோன்றுகிறதா என்று கேட்பார். எலியிடம் யார் கேட்பது?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2024இல் நீச்சல் சோதனையைச் சட்டம் போட்டு நிறுத்தியது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது, பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுக்களும் இருக்கின்றன. விண்ணப்பத்தில் ‘மனச்சோர்வு’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘அசையாமல் மிதந்த நொடிகள்’ என்று திருத்தி எழுதிவரச் சொல்லட்டும். எத்தனை எலி வேண்டும் என்ற பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.