வாசனையும் ‘மண்வாசனை’யும்

ஒஸ்லோவில் வாழும் யென்னி வால் 2025 மே மாதம் வெளியிட்ட ‘ஐரிஸ் சில்வர் மிஸ்ற்’ இசைத்தொகுப்பு ஒரு வாசனைத் திரவியத்தின் பெயரைத் தாங்கியது. கொரோனாக் காலத்தில் மேடைகள் மூடப்பட்டபோதே அவரது கவனம் வாசனைகளின்பால் திரும்பியது. உடல்கள் அகன்றபின் எஞ்சுவது என்ன என்பதே இத்தொகுப்பின் கேள்வி. அவரது மென்குரல் அதை ஏக்கமாக்காமல் விசாரணையாக்குகிறது. சில பாடல்கள் உருப்பெறுமுன்னரே கலைந்துவிடுகின்றன, இது குறைதான். ஆயினும் நமது புலம்பெயர் எழுத்துக்கு இதில் பாடமுண்டு. ‘மண்வாசனை’ என்ற சொல்லைப் பத்திரப்படுத்திய நாம் முகர்வதை நிறுத்திவிட்டோம். அச்சொல்லுள் பனங்காய்ப் பணியாரம் மணக்கிறது. எரிந்த வீட்டின் புகை இல்லை. வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நம்மவர் உடைகளில் ஏறிய வாடையும் இல்லை. இவற்றையும் சேர்த்து முகரத் துணியும்வரை நமது ஏக்கம் வெறும் அலங்காரமே.