கூட்ஸ் வண்டியும் நிழற்படமும்

ஒரு சமூகம் தன் ஓய்வு நாளை எவ்வாறு கழிக்கிறது என்பதைக் கொண்டே அதன் நிலையை அறிந்துகொள்ளலாம். ஜொகூரில் 2014 முதல் 2024 முடிய அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் ஓய்வு நாட்களாயிருந்தன. 2025 சனவரி முதல் மீண்டும் சனியும் ஞாயிறுமாயின. அந்நாட்களில் நம் இளைஞரிற் சிலர், குடிக்கும் சூதுக்கும் போகாது, படக்கருவியைக் கையிலேந்திக் குளுவாங், ரெங்கம், கூலாய், கெம்பாஸ் பாரு ஆகிய ஊர்களின் ரயில் பாதையோரம் சென்று கூட்ஸ் வண்டிகளைப் படம் பிடிக்கின்றனர். “இதுவும் ஒரு கலையா?” என நகைப்போர் உண்டு. நாம் நகைக்கமாட்டோம். கலைதான் என்போம், ஆகவேதான் அதன் குறையையும் எடுத்துக் கூற முன்வருகிறோம்.

முதலில் நிறையைக் கூறுவோம். பயணிகள் வண்டிக்கு நேர அட்டவணை உண்டு. கூட்ஸ் வண்டியின் வருகையை ஸ்டேஷனில் எழுதி ஒட்டுவதில்லை. வெயிலில் மணிக்கணக்காய்க் காத்திருக்கும் பொறுமை வேண்டும். ஜெர்மனியில் கட்டப்பெற்ற, ‘நீலப் புலி’ என்று பெயர் பெற்ற 26-ஆம் வகை இஞ்சின், பாசிர் கூடாங் துறைமுகத்துக்கோ தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கோ செல்லும் பெட்டகங்களை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்பும் அந்தக் கணத்தைப் பிடிப்பது எளிதன்று. மாலை வெயில் இஞ்சின் முகத்திற் படுமாறு நின்று, வண்டியின் முழு நீளமும் அடங்க எடுத்த படங்கள் சிலவற்றைக் கண்டோம், மகிழ்ந்தோம்.

கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதையும் மின்கம்பியும் அமைந்தபின், கம்பமும் கம்பியும் படத்தின் அழகைக் கெடுக்கின்றன என்று இவர்கள் குறைபடுகின்றனர். இதை நாம் ஏற்கமாட்டோம். நாட்டுக்கு நலம் தரும் கம்பி படத்தில் விழுந்தால் விழட்டும்! குறை வேறோரிடத்தில் இருக்கிறது.

இப்படங்களில் மனிதன் இல்லை. இஞ்சின் உண்டு, எண் உண்டு, பெட்டகம் உண்டு. ஆனால் ஓட்டுபவரில்லை, பாதையைக் காப்பவரில்லை, சுமை ஏற்றி இறக்குபவரில்லை. யாரேனும் குறுக்கே வந்துவிட்டால் அப்படத்தைக் கழித்துவிடுகிறார்களாம்! தமிழர் இதைச் செய்வதுதான் நமக்கு வியப்பு. மலாயாவின் இருப்புப்பாதையில் கட்டை தூக்கியவரும், கல் பரப்பியவரும், ஆணி அறைந்தவரும் பெரும்பாலும் யாவர்? நம் பாட்டன்மார் அல்லரோ?

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். ஜொகூர் அரசின் இருப்புப்பாதை 1909-இல் முற்றுப்பெற்றது. அதன் இருமருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத்து ரப்பர் இப்பாதை வழியே சிங்கப்பூர் சேர்ந்தது. ஜொகூர் நீரிணையின் குறுக்கே கட்டிய கடற்பாலத்தில் 1923 செப்டம்பரில் முதன்முதல் ஓடியது கூட்ஸ் வண்டியே. பயணிகள் வண்டி அடுத்த மாதந்தான் ஓடிற்று. சரக்குக்கு முதலிடம், மனிதனுக்கு இரண்டாமிடம்!

இருபது ஆண்டு கழிந்தது. ஜப்பானியர் ஆட்சியில் மனிதனே சரக்கானான். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கூட்ஸ் வண்டிகளில் அடைத்துக் கொண்டு சென்றனர். கெமாஸிலிருந்து வடக்கே சென்ற கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களையும் பெயர்த்தெடுத்து அங்கேயே கொண்டு போயினர். போன இரும்பும் திரும்பவில்லை. போன மக்களிற் பெரும்பகுதியினரும் திரும்பவில்லை. தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு இக்கதை உண்டு. ஏறிப்போனவரின் படம் ஒன்றைச் சுவரில் மாட்டியுள்ள வீட்டை நாம் கண்டதில்லை. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலால் அக்குறையை எழுத்தில் ஓரளவு தீர்த்தார். படக்கலை இன்னும் அக்கடனைத் தீர்க்கவில்லை.

மனிதன் புகுந்தால் ரயில் படம் கெட்டுவிடுமென்பது வீண் அச்சம். அமெரிக்கரான வின்ஸ்டன் லிங்க், 1955 முதல் 1960 வரை, மறைந்துகொண்டிருந்த நீராவி வண்டிகளைப் பெரும்பாலும் இரவில் விளக்கு வைத்துப் படமெடுத்தார். 1956-இல் மேற்கு வர்ஜீனியாவில் எடுத்த அவருடைய புகழ்பெற்ற படத்தில், திறந்தவெளித் திரையரங்கில் காருக்குள் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும், திரையில் ஆகாயவிமானம், அப்பால் நீராவி கக்கிச் செல்லும் கூட்ஸ் வண்டி. வெறும் இஞ்சினை எடுத்திருந்தால் அது இஞ்சின் பித்தருக்கு மட்டுமே உரியதாயிருக்கும். மக்களைச் சேர்த்தமையால் ஒரு காலத்தின் வாழ்வே அதில் நிலைத்துவிட்டது.

நம் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுதான். தண்டவாளத்தில் இறங்காதீர்; அது சட்டத்துக்கும் உயிருக்கும் பகை. மேடையும் மேம்பாலமும் போதும். இஞ்சினை எடுங்கள், அதன் சன்னலில் தெரியும் முகத்தையும் எடுங்கள். பாதையோரத் தொழிலாளியிடம் ஒப்புதல் கேட்டு அவரையும் எடுங்கள். படத்தின் பின்னே ஊரும் நாளும், அவர் இசைந்தால் அவர் பெயரும் எழுதி வையுங்கள். ஒருபடி அவர் கையிற் கொடுங்கள். நம் பாட்டன் ஏறிச் சென்ற வண்டிக்குப் படமில்லை. நம் பேரன் கேட்கும்போதும் “இல்லை” என்று கூற வேண்டுமா?