பெயரை எழுதியவன் குற்றவாளியா?

பிரையன் ஃபிரீலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகம் 1980இல் வட அயர்லாந்தின் டெரி நகரில் முதலில் மேடையேறியது. கதை நடப்பது 1833இல், டொனிகோலின் ஒரு சிற்றூரில். ஆங்கிலேய இராணுவம் வரைபடம் போட வருகிறது. ஊர் வாத்தியாரின் மகன் ஓவன் சம்பளத்துக்கு அவர்களுடைய மொழிபெயர்ப்பாளன். ஐரிஷ் பெயர்களை ஆங்கில நாக்குக்குத் தோதாக மாற்றிப் பெயர்ப் புத்தகத்தில் பதிவதுதான் அவனுடைய வேலை.

நாடகத்தின் உயிர் 'டொபர் வ்ரீ' என்ற சந்தியில் இருக்கிறது. டொபர் என்றால் கிணறு. வ்ரீ என்பது பிரையன் என்ற பெயரின் சிதைவு. முகத்திலிருந்த கட்டி மாறுமென்று நம்பி அந்தக் கிணற்று நீரில் முகம் கழுவிவந்த கிழவர் பிரையன், கடைசியில் அதிலேயே மூழ்கிப்போனார். கிணறும் வற்றிவிட்டது. கதை தெரிந்தவன் ஓவன் மட்டுந்தான். இனி இந்தப் பெயர் எதற்கு என்று கேட்பவனும் அவன்தான். இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடிப்பவன் ஆங்கிலேய அதிகாரி யோலண்ட். மண்ணின் மகன் அழிக்கப் பார்க்கிறான், வந்தவன் காக்கப் பார்க்கிறான். இந்தத் தலைகீழ்தான் ஃபிரீலின் பெரிய வெற்றி. மேடையில் ஐரிஷ் பேசுவோரும் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். இழப்பை விளக்க வேறு வசனம் தேவையில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த அளவைப் பணியில் உண்மையில் பெயர்களைத் தேடியவர் ஜோன் ஓ'டொனவன் என்ற ஐரிஷ் அறிஞர். பங்கு பங்காகப் போய் முதியோரிடம் கேட்டார், பழைய ஏடுகளோடு ஒப்பிட்டார், ஐரிஷ் வடிவத்தையும் பெயர்ப் புத்தகத்தில் எழுதிவைத்தார். பெரும்பாலான பெயர்கள் மொழிபெயர்க்கப்படவுமில்லை. ஓசை ஆங்கில எழுத்தில் ஏறியது, பொருள்தான் விழுந்துபோனது. இன்று ஐரிஷ் பெயர்களை மீட்பவர்கள் அவருடைய குறிப்புகளைத்தான் புரட்டுகிறார்கள். நாடகம் வரலாறல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாடகத்தை மட்டும் வாசிப்பவர் எழுதுவதையே களவு என்று நினைத்துவிடுவார். குற்றம் எழுதியதில் இல்லை. எழுதியவற்றில் எது அச்சேற வேண்டும் என்ற தீர்மானம் ஊராரின் கையில் இல்லாமற் போனதில் இருக்கிறது.

எங்கட மூத்தாப்பாவின் வயல் உறுதியில் வெறும் துண்டு இலக்கந்தான். அவர் சொன்ன பெயர் வேறு. "அது கடதாசியில ஏறல்ல மகன், எங்கட வாயிலதான் கிடக்கு" என்பார். அவர் மௌத்தாகிப் பல வருடம். அந்த வட்டையின் பெயரைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களிடம் பெயரை மாற்ற எந்தப் பட்டாளமும் வரவில்லை. எழுதிவைக்க ஓர் ஓ'டொனவனும் வரவில்லை. அடுத்த தவணையில் அந்தப் பிள்ளைகளைக் கொப்பியோடு மூத்தம்மாமாரிடம் அனுப்பப் போகிறேன்.