எளிய சட்டத்தில் விடுபட்ட நாடாளுமன்றம்

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எளிமையானது, ஐரோப்பியச் சட்டம்போலத் தொழிலை முடக்காதது என்று அதன் ஆதரவாளர்கள் இன்னும் சொல்லி வருகிறார்கள். எளிமை என்பது உண்மைதான். மருந்துக் கடையில் ரசீதுக்காகக் கொடுத்த கைபேசி எண்ணை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சட்டமே உதாரணம் காட்டி விளக்குகிறது. 250 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஜவுளிக்கடை கல்லாவில் எண் கேட்டு நச்சரிப்பவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள், நல்லது.

என் ஆட்சேபம் வேறு. நிறுவனங்களிடம் கறாராக இருக்கும் இந்தச் சட்டம், அரசின் முறை வந்ததும் நாடாளுமன்றத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவில், நாட்டின் பாதுகாப்பைச் சொல்லி விலக்குப் பெறவும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று வேண்டும். தேவைக்கு மிஞ்சியும் போகக் கூடாது. இப்போதைய 17ஆம் பிரிவுக்கு மத்திய அரசின் அறிவிக்கை ஒன்று போதும். இறையாண்மை, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி ஓர் அரசு அமைப்பை முழுச் சட்டத்திலிருந்தும் விடுவித்துவிடலாம். புகார்களை விசாரிக்கும் வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பதும் அதே மத்திய அரசுதான். பதவிக்காலம் 2 ஆண்டு, மறுநியமனம் உண்டு. மறுநியமனத்துக்குக் காத்திருப்பவர் அமைச்சகத்தின் முகம் பார்க்காமல் எப்படி உத்தரவு எழுதுவார்?

இந்தச் சட்டத்தின் கீழ் இயற்றும் விதிகளை நாடாளுமன்றத்தின் முன் 30 நாள் வைக்கவேண்டுமே என்பார்கள். அப்படி வைக்கப்படும் தாள்களை எத்தனை உறுப்பினர்கள் புரட்டுகிறார்கள்?

நாடாளுமன்றக் கூட்டுக் குழு இரண்டு ஆண்டு அலசிய 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவை 2022இல் திரும்பப் பெற்றார்கள். புதியது 2023 ஆகஸ்ட் 3 அன்று மக்களவைக்கு வந்தது. 9ஆம் தேதிக்குள் இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. மணிப்பூர் வன்முறை குறித்து அவையில் எழுந்த அமளியில், குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்டவர்களின் பேச்சு எடுபடவில்லை.

அந்த வேகத்தில் 44(3) பிரிவும் உள்ளே வந்தது. நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எவருக்கும் மறுக்கக் கூடாது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். பொதுநலனுக்கான 8(2) அப்படியே இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கட்டும். ஊராட்சிச் சாலை போட்ட ஒப்பந்ததாரரின் பெயரைக் கேட்டாலும் ‘தனிநபர் தகவல்’ என்று ஒரே வரியில் இனி மனுவைத் திருப்பலாம். பொதுநலன்தான் பெரிது என்று மேல்முறையீட்டில் வாதாடும் பாடு கேட்டவருக்கு.