மாதிரி ஜெட்டுக்கு நம்பகமான பேட்டரி எது?

டர்பைன் பொருத்திய மாதிரி ஜெட் விமானத்தில் வழக்கமாக இரண்டு வகைப் பேட்டரிகள் இருக்கும். ஒன்று டர்பைனின் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் எரிபொருள் பம்புக்கும் உரியது. அது செத்தால் எஞ்சின் அணையும். விமானத்தைச் சறுக்கியாவது தரையிறக்க வழியுண்டு. மற்றொன்று ரிசீவரையும் சர்வோக்களையும் இயக்குவது. இது செத்தால் மண்ணெண்ணெய் சுமந்து பாயும் விமானம் யார் கைக்கும் அடங்காது. தேர்வில் கூடுதல் கண்டிப்பு வேண்டியது இங்கேதான்.

இந்த இடத்துக்கு இரண்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேக் பலரின் தேர்வு. செல்லுக்கு 3.3 வோல்ட் வீதம் 6.6 வோல்ட் கிடைக்கும். அதைத் தாங்கும் சர்வோக்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். முழுதாகச் சார்ஜ் ஆன இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேக் 8.4 வோல்ட் தரும். உயர் வோல்ட் சர்வோக்கள் இல்லையென்றால் ரெகுலேட்டர் தேவை. அதுவும் பழுதாகக்கூடிய ஒரு பாகமே. பாஸ்பேட் செல் எளிதில் தீப்பற்றாது என்பது எரிபொருள் தொட்டிக்கு அருகே பெரிய ஆறுதல். எடை அதிகம் என்ற குறை ஜெட்டில் அவ்வளவாக எடுபடாது. டர்பைன் பின்பக்கம் இருப்பதால் சமநிலைக்காக மூக்கில் பெரும்பாலும் எடை வைக்க வேண்டியிருக்கும்.

உண்மையான குறை வேறு. இந்த செல்லின் வோல்டேஜ் ஏறக்குறைய கடைசிவரை ஒரே மட்டத்தில் நின்று, பிறகு சட்டென விழும். முக்கால் பங்கு இருக்கும்போதும் கால் பங்கு இருக்கும்போதும் மீட்டர் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். வோல்டேஜை மட்டும் பார்த்து அடுத்த முறை பறக்க விடுவது ஆபத்தான பழக்கம். ஒவ்வொரு சார்ஜிலும் எத்தனை மில்லி ஆம்பியர்-மணி திரும்ப ஏறியது என்று குறித்து வைப்பதே நம்பத்தக்க கணக்கு.

எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்று காட்ட பேக்கின் மேல் அச்சிட்ட 'சி' எண்ணும் தரத்துக்குச் சான்றாகாது. அதை அளக்கும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. உள்மின்தடை ஏமாற்றாது. சர்வோக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கணம் 20 ஆம்பியர் இழுத்தால், 10 மில்லி ஓம் உள்ள பேக் 0.2 வோல்ட் இழக்கும். 50 மில்லி ஓம் உள்ளது ஒரு முழு வோல்ட் இழக்கும். வயதாக ஆக இந்த எண் ஏறும், குளிரிலும் ஏறும். பல நல்ல சார்ஜர்கள் இதை அளந்து காட்டுகின்றன.

இரண்டு பேக்குகளை இணையாக வைப்பது சிறந்த காப்பு. ஆனால் இரண்டும் ஒரே சுவிட்ச் வழியாகப் போனால் அந்தக் காப்பு பெயரளவில்தான். நல்ல பேக் முழுச் சுமையையும் ஏற்றுக்கொள்வதால், நோயுற்ற பேக்கின் குறை பறக்கும்போது தெரியாமலே போகலாம். தரையில் ஒவ்வொன்றாக அணைத்து, எஞ்சிய ஒன்றைக் கொண்டே எல்லாச் சர்வோக்களையும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரே திறனுள்ள இரண்டு பேக்குகளும் ஏறக்குறைய சம அளவு சார்ஜ் ஏற்க வேண்டும். ஒன்று தொடர்ந்து குறைவாக ஏற்றால், அந்தப் பேக்கையும் அதன் கனெக்டர், சுவிட்ச், வயரையும் சோதித்த பிறகே விமானத்தை மேலேற்ற வேண்டும்.